ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டிக் காரைத் தாழ்த்தலாமா? எதை முதலில் செய்வது?

கேள்வி: முன்சக்கர இழுவை ஹேட்ச்பேக் ஒன்று வைத்திருக்கிறேன். ஃபெண்டருக்கும் டயருக்கும் நடுவே உள்ள இடைவெளி கண்ணை உறுத்துகிறது. ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டினால் வேலை முடிந்தது என்கிறார்கள். கூடவே 17 அங்குல அலாய், முன்லிப் (பம்பரின் அடியில் மாட்டும் விளிம்பு), ராப் (பெயின்டின்மேல் ஒட்டும் வினைல் உறை) எல்லாம் போடவும் ஆசை. எவ்வளவு தாழ்த்தலாம், எதிலிருந்து தொடங்குவது?

பதில்:

வெட்ட வேண்டாம். வெட்டினால் கெட்டுவிடும் என்று பலர் சொல்வார்கள், எது கெடும் என்று சொல்ல மாட்டார்கள். அதனால் கணக்கே போட்டுப் பார்த்துவிடலாம்.

முன் ஸ்பிரிங் ஒன்று மேஜைமேல் சும்மா நிற்கும்போது 360 மி.மீ. உயரம், வேலை செய்யும் சுற்றுகள் 6, விறைப்பு மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூலையில் அதன்மேல் இறங்கும் பாரம் 3000 நியூட்டன். ஆக 120 மி.மீ. அமுங்கி 240-இல் நிற்கும். ஒரு சுற்றை வெட்டினால் சுமார் 55 மி.மீ. போய் 305 மிஞ்சும். சுற்று குறையக் குறைய ஸ்பிரிங் விறைக்கும். ஆறு ஐந்தானதும் 25 என்பது 30 ஆகிவிடும். அதே பாரத்துக்கு இப்போது 100 மி.மீ.தான் அமுங்கி 205-இல் நிற்கும். கார் 35 மி.மீ. இறங்கியாயிற்று. நிறுத்தி வைத்துப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும்.

சக்கரம் தொங்கும்போதுதான் வினை. ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) முழுக்க நீண்ட நிலையில் ஸ்பிரிங் உட்காரும் இடம் 320 மி.மீ. என்றால், பழைய ஸ்பிரிங் அங்கேயும் 40 மி.மீ. அமுங்கி இறுக்கமாகவே இருந்தது. வெட்டியதன் உயரமோ 305. பதினைந்து மில்லிமீட்டர் காலி. பள்ளத்தில் சக்கரம் தொங்கி மறுபடி ஏறும்போது ஸ்பிரிங்கின் முனை தன் இருக்கையில்தான் வந்து உட்காரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. 'டக் டக்' என்று கேட்கும் சத்தம் அதுதான். பல கார்களில் ஸ்பிரிங்கின் நுனிச் சுற்று சின்னதாகச் சுருட்டப்பட்டிருக்கும். அதை வெட்டிவிட்டால் இருக்கையில் பொருந்தவே பொருந்தாது. கேஸ் கட்டரால் வெட்டினால் வெப்பம் பட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடும், பின்னால் முறிவது அங்கேதான். சுற்றைச் சூடாக்கித் தொய்ய வைப்பது இதைவிட மோசம்.

தாழ்த்தும்போது உண்மையில் குறைவது சஸ்பென்ஷன் மேலும் கீழும் போய்வரும் தூரம். அசல் உயரத்தில் பம்ப் ஸ்டாப்பை (அடி முட்டாமல் தடுக்கும் ரப்பர் கட்டையை) தொடும்வரை 60 மி.மீ. இருந்தால், 35 இறக்கியபின் மிஞ்சுவது 25. விறைப்பு ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது, தூரமோ பாதிக்குமேல் போய்விட்டது. இனி பின்சீட்டில் ஆள் ஏறினாலே சின்ன மேடுகூட முதுகில் இடிக்கும். அதனால் எவ்வளவு தாழ்த்தலாம் என்பதை ஃபெண்டர் இடைவெளியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இந்தப் போய்வரும் தூரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அதை அளக்க ஒரு கேபிள் டை போதும். ஷாக்கின் தூசி உறையைத் தூக்கிவிட்டு, பளபளக்கும் தண்டில் கேபிள் டையை இறுக்கமாகக் கட்டி, அடிவரை தள்ளிவிடுங்கள். வழக்கமாகப் போகும் சாலையில், வழக்கமான ஆட்களோடு ஒரு நாள் ஓட்டுங்கள். டை எங்கே போய் நிற்கிறதோ அவ்வளவு தூரம் சஸ்பென்ஷன் அமுங்கியிருக்கிறது. இப்போதே அது பம்ப் ஸ்டாப்பை முட்டி நின்றால், உங்கள் காரில் தாழ்த்த அதிகம் இடமில்லை.

டை சோதனையில் இடம் இருந்தால், தினமும் ஓட்டும் காருக்கு என் கணக்கு 25 முதல் 35 மி.மீ. அந்த மாடலுக்கென்றே செய்த லோயரிங் ஸ்பிரிங் வாங்குங்கள். அதில் அமுங்காத உயரம், நுனியின் வடிவம், தொங்கும்போது தளராத இறுக்கம் எல்லாம் கணக்கிட்டே செய்திருப்பார்கள். பழைய ஷாக்கோடு அது ஒத்துப்போகுமா என்று அடுத்த கேள்வி வரும். விறைப்பு 30 சதவீதம் கூடினால் ஷாக்கின் பிடி (துள்ளலை அடக்கும் விசை) சுமார் 14 சதவீதம் கூட வேண்டும், வர்க்கமூலக் கணக்கு. நல்ல நிலையில் உள்ள ஷாக் இதைத் தாங்கும். ஏற்கெனவே எண்ணெய் கசிந்த, 80,000 கி.மீ. ஓடிய ஷாக் தாங்காது. வேகத்தடை தாண்டியபின் கார் ஒரு முறைக்குமேல் துள்ளினால் ஷாக்கையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ஸ்ட்ரட்டை இரண்டாம் முறை கழற்றும் கூலியும் மிச்சம்.

காயில்ஓவர் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்–ஷாக் ஜோடி) வாங்குவதென்றால், உயரத்தைக் கீழ்ப்பிடியின் மரையில் மாற்றும் வகையைப் பாருங்கள். ஸ்பிரிங் தட்டை இறக்கியே உயரம் குறைக்கும் வகையில், அதிகம் இறக்கினால் மேலே சொன்ன அதே தளர்ச்சி வந்துவிடும். மரையில் மண் ஏறி இறுகுவதும் சகஜம். மழைக்காலத்துக்கு முன் துலக்கி, மரை பிடிக்காமல் இருக்கும் பசை பூசி வையுங்கள். காற்றுப் பை சஸ்பென்ஷன் அருமையான பொருள், ஆனால் கம்ப்ரஸர், தொட்டி, வால்வு, குழாய் என்று பராமரிக்க இன்னொரு வண்டி வாங்கியது மாதிரி. தொட்டியில் சேரும் தண்ணீரை வடிக்கச் சோம்பல்படுபவருக்கு அது வேண்டாம்.

மாட்டும் வேலைக்கு முன், கார் சமதளத்தில் நிற்க, ஹப்பின் (சக்கரம் மாட்டும் மையப் பகுதியின்) நடுப்புள்ளியிலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை நான்கு மூலையிலும் அளந்து எழுதி வையுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் மாறியதும் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

முன்பக்கம் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்றால் வரிசை இது. காரை ஜாக் ஸ்டாண்டில் ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றுங்கள். பிரேக் ஹோஸ் கிளிப், ஏபிஎஸ் வயர், ஆன்டி ரோல் பார் லிங்க் மூன்றையும் ஸ்ட்ரட்டிலிருந்து விடுவியுங்கள். நக்கிளோடு (ஹப்பைத் தாங்கும் பாகத்தோடு) சேரும் இரண்டு போல்டுகளின் இருப்பைப் பெயின்டால் குறித்துவிட்டுக் கழற்றுங்கள். கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) ஏறக்குறைய பழைய இடத்துக்கே திரும்பும். பிரேக் காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாதீர்கள். ஸ்ட்ரட் வெளியே வந்ததும் எதிரெதிராக இரண்டு ஸ்பிரிங் கம்ப்ரஸர் போட்டு, மாறி மாறிச் சில சுற்றுகளாக இறுக்குங்கள். ஸ்பிரிங் தன் இருக்கையில் கையால் சுழலும் அளவுக்குத் தளர்ந்த பிறகுதான் மேல்நட்டைத் தொடலாம். அதற்கு முன் கழற்றினால் மேல்மவுன்ட் முகத்தில் வந்து அடிக்கும். ஆளைக் கொன்றிருக்கிறது இந்த வேலை, மிகை அல்ல. மேல்நட்டுக்கு இம்பாக்ட் கன் வேண்டாம், உள்ளே தண்டும் சேர்ந்து சுழன்று சீல் கெடும். தண்டை ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு, பள்ளமான ரிங் ஸ்பேனரால் திருப்புங்கள்.

புதிய ஸ்பிரிங்கின் முனை இருக்கையில் உள்ள தடுப்பை ஒட்டி நிற்க வேண்டும். பம்ப் ஸ்டாப்பை வெட்டச் சொல்லி ஸ்பிரிங்கோடு வந்த தாளில் இருந்தால் அந்த அளவுக்கு மட்டும் வெட்டுங்கள். முழுக்கக் கழற்றி எறிந்தால் உலோகத்தோடு உலோகம் மோதி ஷாக்கின் அடிவால்வு நொறுங்கும். மேல்பேரிங் கரகரத்தால் இப்போதே மாற்றுங்கள். தானே பூட்டிக்கொள்ளும் நட்டுகள் எல்லாம் புதிது.

அடுத்ததுதான் பலர் கோட்டைவிடும் இடம். லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தை அடியில் சட்டத்தோடு இணைக்கும் கை. அதன் புஷ் என்பது உள்குழாய்க்கும் வெளிக்குழாய்க்கும் நடுவே ஒட்டிய ரப்பர். போல்டை இறுக்கியதும் உள்குழாய் சட்டத்தோடு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், பிறகு ரப்பர்தான் முறுக்கிக் கொடுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது அந்த போல்டை இறுக்கிவிட்டால், காரை இறக்கி நிறுத்திய நிமிஷத்திலிருந்து ரப்பர் முறுக்கிய நிலையிலேயே வாழும். கார் நினைத்த அளவு இறங்காமல் சில மில்லிமீட்டர் தூக்கலாக நிற்கும், சீக்கிரமே புஷ் கிழியும், பழி ஸ்பிரிங்மேல் விழும். எனவே ஆர்மின் அடியில் ஜாக் வைத்து, ஹப்பிலிருந்து ஃபெண்டர் வரையுள்ள அளவு புதிய உயரத்துக்கு வரும்வரை தூக்கி, அந்த நிலையில் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்) இருந்தால் அதன் புஷ்களுக்கும் இதே விதி. பின்ஸ்பிரிங் எடுப்பது சுலபம்: ஷாக்கின் கீழ்போல்டை விடுவித்து, பீமை ஜாக்கில் மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வரும். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டி முடித்ததும் லோயர் ஆர்மை முன்னாலிருந்து குனிந்து பாருங்கள். சக்கரப் பக்கமுள்ள பால் ஜாயின்ட் முனை, உள்முனையைவிடத் தாழ்ந்தோ சமமாகவோ இருந்தால் சரி. பால் ஜாயின்ட் முனை மேலே ஏறிவிட்டால் ரோல் சென்டர் (வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) காரைவிட வேகமாகக் கீழே போயிருக்கிறது என்று அர்த்தம். ஸ்பிரிங் விறைத்தும் வளைவில் கார் முன்னைவிடச் சாய்வது இதனால்தான். நீளமான பால் ஜாயின்ட் போட்டுச் சரிசெய்யலாம், ஆனால் கொஞ்சம் உயர்த்துவதே மலிவு.

300 முதல் 500 கி.மீ. ஓடி ஸ்பிரிங் படிந்தபின் வீல் அலைன்மென்ட். டயரின் உள்விளிம்பு தேய்ந்தால் எல்லோரும் கேம்பரைத் திட்டுவார்கள், பெரும்பாலும் குற்றவாளி டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம். ஒரு சக்கரம் 0.2 டிகிரி திரும்பியிருந்தால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மூன்றரை மீட்டர் பக்கவாட்டில் உரசிக்கொண்டே போகிறது. டோவைத் தயாரிப்பாளர் சொன்ன அளவில் வைத்துவிட்டால், ஒன்றரை டிகிரி நெகட்டிவ் கேம்பரோடு (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து) டயர் நன்றாகவே உழைக்கும்.

முகப்பு விளக்கையும் அன்றே பாருங்கள். முன்னால் 35, பின்னால் 20 மி.மீ. இறங்கினால் 2500 மி.மீ. வீல்பேஸில் மூக்கு 0.6 சதவீதம் குனியும். லோ பீம் 1 சதவீதச் சரிவில் இருந்தது 1.6 ஆகும், 65 செ.மீ. உயர விளக்கு 65 மீட்டர் காட்டிய இடத்தில் 40 மீட்டர்கூட எட்டாது. பின்பக்கம் அதிகம் இறங்கினால் எதிரே வருபவர் கண் கூசும். திருகைத் திருப்பினால் தீர்ந்தது. தானாகச் சரிசெய்யும் விளக்கு, முன்கேமரா, ரேடார் உள்ள காரில் ஸ்கேனர் வைத்து மறுபடி கேலிபிரேட் செய்ய வேண்டும்.

அலாய் விஷயத்துக்கு வருவோம். 17 அங்குலம் போட்டால் இடைவெளி மூடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். 195/55 ஆர்16 டயரின் மொத்த விட்டம் 620.9 மி.மீ.; அதற்கு ஈடான 205/45 ஆர்17 டயருக்கு 616.3. அதாவது இடைவெளி ஒரு நூல் கூடுகிறது. தோற்றத்தை மாற்றுவது ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பது. 6.5 அங்குல அகலம், ஆஃப்செட் 45 உள்ள ரிம்மை எடுத்துவிட்டு 7.5 அங்குலம், ஆஃப்செட் 40 போட்டால் வெளிவிளிம்பு 17.7 மி.மீ. வெளியே வரும், உள்விளிம்பு 7.7 மி.மீ. ஸ்ட்ரட்டை நெருங்கும். சக்கரம் ஃபெண்டரை ஒட்டி நின்றாலே 25 மி.மீ. தாழ்த்திய கார் 40 தாழ்த்தியதுபோலத் தெரியும். அதனால் வரிசை: முதலில் ரிம்மும் டயரும், பிறகு ஸ்பிரிங்.

ரிம் வாங்கும்போது பிசிடி (போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) மட்டும் பார்த்தால் போதாது. நடுத்துளை 73.1, ஹப் 54.1 என்றால் இடையே வளையம் வேண்டும், இல்லாவிட்டால் வேகமெடுத்ததும் ஸ்டீயரிங் நடுங்கும். நட்டின் இருக்கை கூம்பா உருண்டையா என்பதும் ஒத்துப்போக வேண்டும். டயரின் பாரக் குறியீடு அசலைவிடக் குறையக் கூடாது. 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி சக்கர நட்டுகளின் டார்க் (இறுக்கம்) பாருங்கள்.

உரசுகிறதா என்று பார்க்க ஃபெண்டர் உள்விளிம்பிலும் ஸ்ட்ரட்டிலும் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி ஒட்டுங்கள். பின்சீட்டில் ஆள் ஏற்றி, ஸ்டீயரிங்கை இருபக்கமும் முழுக்க ஒடித்து மெதுவாக ஒரு மேட்டில் ஏற்றி இறக்குங்கள். நசுங்கிய களிமண்ணின் தடிமன் 5 மி.மீ.க்குக் கீழே போனால் இடம் போதாது. ஃபெண்டர் விளிம்பை மடிக்க வேண்டி வந்தால் ஹீட் கன்னால் பெயின்டைக் கை பொறுக்காத சூட்டுக்குக் கொண்டுவந்து, பல தடவையாக, கொஞ்சம் கொஞ்சமாக மடியுங்கள். ஆறிய பெயின்ட் விரிசல் விடும், அங்கே துரு தொடங்கும்.

முன்லிப் வாங்கும்முன் ஒரு கூட்டல்: 30 மி.மீ. லிப், 30 மி.மீ. தாழ்வு, மூக்கில் போனது 60. நடுப்பகுதியிலும் கவனம் வேண்டும். 165 மி.மீ. தரை இடைவெளி 130 ஆனால் வேகத்தடை தாண்டும் கோணம் 15 டிகிரியிலிருந்து 12-க்கு வரும். கலிஃபோர்னியாவில் 1950களின் கடைசியில் ஒரு சட்டம் வந்தது: காரின் எந்தப் பகுதியும் ரிம்மின் அடிவிளிம்பைவிடத் தாழ்ந்திருக்கக் கூடாது. அங்கே லோரைடர்கள் (காரைத் தரையொட்டத் தாழ்த்தி ஓட்டுபவர்கள்) ஹைட்ராலிக் பம்பைக் காருக்குள் கொண்டுவர அதுவும் ஒரு காரணம். போலீஸ் வந்தால் தூக்கிக்கொள்ளலாமே. அந்த அளவுகோல் உங்களுக்கும் உதவும். டயர் காற்றிறங்கி ரிம்மில் நின்றாலும் ஆயில் சம்ப், சப்ஃபிரேம், எக்ஸாஸ்ட் தரையைத் தொடக் கூடாது. லிப் பாலியூரிதேன் என்றால் உரசினாலும் வளைந்து கொடுக்கும், ஃபைபர் கிளாஸ் உடையும்.

ராப் கடைசி வேலை. அலைன்மென்ட், உரசல் எல்லாம் தீர்ந்து, ஃபெண்டரில் இனி கை வைக்க மாட்டோம் என்றானபின் ஒட்டுங்கள். வளைவான பம்பருக்கு காஸ்ட் (வார்த்துச் செய்த) வினைல்தான். மலிவான காலண்டர்டு (உருளைகளில் அழுத்திச் செய்த) வகை சுருங்கி விளிம்பில் கிளம்பும். குழிகளில் இழுத்து ஒட்டிய இடங்களை, தயாரிப்பாளர் சொன்ன வெப்பத்துக்கு ஹீட் கன்னால் ஏற்றி, வெப்பமானியில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். பழுதுபார்த்து மறுபெயின்ட் அடித்த பகுதியில் ராப்பை உரிக்கும்போது பெயின்டும் கூடவே வரலாம். ஒட்டுபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். டெயில் லைட்டுக்குக் கறுப்பு ஃபிலிம் மட்டும் வேண்டாம், பகலில் பிரேக் விளக்கு எரிவது பின்னால் வருபவருக்குத் தெரியாது.

பதிவு விதி இடத்துக்கு இடம் மாறும். பொருள் வாங்கும் முன்பே போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கழற்றிய அசல் ஸ்பிரிங்கை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.