மூட்டு ஜவ்வு கிழிந்த மகளுக்கு டாக்டர் படிப்புதான் வழியா?

பந்து விளையாடியபோது மகளுக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது. அறுவை சிகிச்சையும் முடிந்தது. 'சரிசெய்தாலும் பத்து இருபது வருடத்தில் தேய்மானம் வரலாம்' என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து, அது ஏன் என்று தேடித் தேடிப் படிக்கிறாள். மருத்துவ நுழைவுத்தேர்வில் இரண்டு முறை இடம் கிடைக்கவில்லை. வீட்டை அடகு வைத்தாவது சேர்த்துவிடுங்கள் என்று உறவினர்கள் நெருக்குவதாக எழுதியிருக்கிறீர்கள்.

அடகு வைக்காதீர்கள். ஊருக்குப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒரு பட்டம் வேண்டும் என்பதற்காக வாங்கும் கடனை அடைக்கப்போவது உறவினர்கள் அல்ல. மேலும், உங்கள் மகளின் கேள்வியோடு தினமும் மல்லுக்கட்டுகிற இடம் வேறு: மூட்டுக் காயத்தை விலங்குகளில் உண்டாக்கி ஆராயும் ஆய்வுக்கூடம். பிசியோதெரபி, நர்சிங் பற்றி ஏற்கெனவே பலர் சொல்லியிருப்பார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

மனித மூட்டில் தேய்மானம் வர வருடங்கள் ஆகும். எலியில் வாரங்கள் போதும். 2007-இல் விவரிக்கப்பட்ட 'டிஎம்எம்' முறையில், சுமார் 10 வார வயதுள்ள சுண்டெலியின் மூட்டை நுண்ணோக்கியின் கீழ் திறந்து, உட்புற மெனிஸ்கஸை, அதாவது மூட்டுக்குள் மெத்தைபோல இருக்கும் பிறை வடிவத் திசுவை, கால் எலும்போடு பிணைக்கும் சிறு தசைநாரை மட்டும் வெட்டுவார்கள். மெனிஸ்கஸ் விலகிவிடும். 4 வாரத்தில் லேசான தேய்மானம், 8 வாரத்தில் தெளிவான சேதம். பெரும்பாலும் ஆண் எலிதான். பெண் எலியில் சேதம் குறைவு என்பதால், முடிவை எல்லோருக்கும் பொருத்திவிட முடியாது. எலியின் குருத்தெலும்பு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம்கூட இருக்காது. கத்தி நுனி உரசினாலே போச்சு. பிறகு தெரிவது கத்தியின் காயமா, தேய்மானமா என்றே சொல்ல முடியாது. அதனால்தான் மூட்டைத் திறந்து, எதையும் வெட்டாமல் மூடிய எலிகளையும் ஒப்பீட்டுக்கு வைப்பார்கள். அதே எலியின் மறுகாலை மட்டும் நம்பக் கூடாது. நொண்டும்போது பாரம் அந்தக் காலுக்கு மாறிவிடும்.

கத்தியே இல்லாத வழியும் உண்டு. மடக்கிய காலைக் கருவியில் வைத்து ஏறத்தாழ 12 நியூட்டன் விசையில் ஒரே முறை அழுத்தினால், முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற தசைநார் அறுந்துவிடும். நொடிக்கு 1 மி.மீ. வேகத்தில் அழுத்தினால் தசைநார் எலும்புத் துண்டோடு பிய்ந்து வரும்; 500 மி.மீ. வேகத்தில் தசைநாரே நடுவில் கிழியும். மைதானத்தில் ஏற்படும் காயத்துக்கு இதுதான் நெருக்கம்.

அதன்பிறகுதான் பொறுமைக்கு வேலை. மூட்டை ஃபார்மலினில் வைத்து, இடிடிஏ என்ற மென்மையான கரைசலில் சுமார் இரண்டு வாரம் எலும்பின் சுண்ணாம்பை நீக்கி, மைக்ரான் கணக்கில் சீவி, சாஃப்ரனின்-ஓ சாயம் ஏற்ற வேண்டும். நல்ல குருத்தெலும்பு சிவந்து நிற்கும். குருத்தெலும்புக்கு அழுத்தம் தாங்கும் தன்மை தரும் புரோட்டியோகிளைக்கன் என்ற பொருளை இழந்த இடம் வெளுத்துவிடும். அவசரப்பட்டுக் கடும் அமிலத்தில் போட்டால் நல்ல இடமும் வெளுத்து, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும். எந்தக் குழுவின் சீவல் என்று தெரியாத இருவர் 0 (சேதமில்லை) முதல் 6 (மிக மோசம்) வரை மதிப்பெண் இடுவார்கள்.

இது காகிதத்தோடு முடிகிற வேலை அல்ல. கிழிந்த ஏசிஎல்லை ரத்தம் ஊறிய புரதப் பஞ்சு வைத்துச் சேர்க்கும் முறை, பன்றி மூட்டில் ஆண்டுக்கணக்கில் சோதிக்கப்பட்டு, 2020 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி பெற்றது.

விலங்கியல், கால்நடை மருத்துவம், உயிர்மருத்துவப் பொறியியல் எதிலிருந்தும் இதற்குள் வரலாம். புள்ளியியல் கட்டாயம். முதுகலை வேண்டும், தனி ஆய்வுப் பொறுப்புக்குப் பிஎச்டியும் வேண்டும். உதவித்தொகை தராத இடத்தில் பிஎச்டி சேர்க்கவே சேர்க்காதீர்கள். மருத்துவரின் வருமானத்தையும் எதிர்பார்க்காதீர்கள்.

ஒன்றை மறைக்க மாட்டேன்: ஆய்வின் முடிவில் அந்த எலியை அவள் கையாலேயே கொல்ல வேண்டியிருக்கும். முடியாது என்றால் 'போகப் போகப் பழகிவிடும்' என்று வற்புறுத்தாதீர்கள். நோயாளிகளின் எம்ஆர்ஐ படப் பகுப்பாய்வு, மூட்டின் கணினி மாதிரி என்று அதே கேள்விக்கு வேறு வாசல்கள் இருக்கின்றன.

விடுமுறையில் திசு ஆய்வுக்கூடம் ஒன்றில் இரண்டு வாரம் அனுமதி கேளுங்கள். முதல் வாரம், திசுவைச் சீவும் கருவியான மைக்ரோடோமில் அவள் வெட்டும் சீவல்கள் சுருளும், கிழியும். இரண்டாம் வாரமும் காலையில் தானாகவே கிளம்புகிறாளா என்று பாருங்கள். விண்ணப்பப் படிவத்தைப் பிறகு வாங்கலாம்.