பதினோரு ரப்பர் ஷீட்டும் ஓர் அறிக்கையும்

(வாசகர் கேள்விகளுக்கு, நன்னடத்தை அலுவலராக, அதாவது குற்றவாளியின் வீட்டையும் பின்னணியையும் விசாரித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தருபவராக இருந்து ஓய்வுபெற்றவர் நாகர்கோவிலிலிருந்து பதில் எழுதுகிறார்.)

கேள்வி: தலைமைக் காவலராக இருக்கிறேன். பதினெட்டு ஆண்டு சர்வீஸ். குற்றவியலில் எம்.ஏ. படிக்க ஆசை. "பிரமோஷனா தரப்போகிறார்கள்?" என்று வீட்டிலும் ஸ்டேஷனிலும் கேட்கிறார்கள். படிக்கலாமா? – தக்கலை வாசகி

பதில்: பிரமோஷனுக்காக என்றால் வேண்டாம் மகளே. பணியில் சேரும்போது உங்களுக்குப் பிரிவு எண்களைக் கற்றுத்தந்திருப்பார்கள். 2024 ஜூலை 1 அன்று இந்திய தண்டனைச் சட்டம் போய்ப் பாரதிய நியாய சன்ஹிதா வந்ததில் அந்த எண்களும் மாறிவிட்டன; திருட்டுக்கு 379ஐ மறந்து 303ஐ மனப்பாடம் செய்கிறீர்கள். திருடுகிறவன் மாறவில்லை. அவன் ஏன் வருகிறான், உள்ளே போய் வந்தபின் என்ன ஆகிறான் என்று கேட்பதுதான் குற்றவியல். திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. தொலைநிலையில் படிப்பதென்றால், அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி உண்டா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். உங்கள் துறையின் அனுமதியை முதலில் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: வக்கீல் தொழிலில் மூன்றாவது ஆண்டு. குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னதும், "தண்டனை பற்றி என்ன சொல்கிறீர்கள்?" என்று நீதிபதி கேட்கிறார். "வயதான தாய், கல்யாணமாகாத தங்கை, முதல் குற்றம்" என்று எல்லா வழக்கிலும் ஒரே பாட்டைப் பாடிச் சலித்துவிட்டது. இதை எங்கே கற்பது? – குழித்துறை வாசகர்

பதில்: தாய்க்கு வயதாகாத கட்சிக்காரரை நானும் பார்த்ததில்லை.

என் பிழையைச் சொல்கிறேன். வேலூரில் சிறை, சீர்திருத்த நிர்வாகத்துக்கென 1979இல் தொடங்கிய பயிலகத்தில் பயிற்சி முடித்து வந்த புதிது. குலசேகரம் பக்கத்துப் பையன், வயது பத்தொன்பது, பதினோரு ரப்பர் ஷீட் திருடிய வழக்கு. "குடும்பம் வறுமையில் உள்ளது, நற்பெயர் உண்டு" என்று எழுதிக் கொடுத்தேன். மாஜிஸ்திரேட் படித்துவிட்டு, "இதை இந்த ஜில்லாவில் எந்த வீட்டுக்கும் எழுதலாமே, நீர் போனீரா?" என்றார். போயிருந்தேன், முற்றத்தில் நின்று, காப்பி குடித்துவிட்டு வந்திருந்தேன்.

மறுபடி போனேன். இந்தத் தடவை விடியும் முன். பையனின் தாய் அண்டியாபீசுக்கு (முந்திரி ஆலைக்கு)ப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்; முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து, ரேகை தெரியவில்லை. பையன் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறவன். அடைமழையில் வெட்டு நின்றுபோயிற்று; அதற்கு முன் வெட்டிய ஏழு வாரக் கூலியும் பாக்கி. கூலி கேட்ட அன்று தோட்டக்காரர் திட்டி அனுப்பினார். அன்று இரவே, ஷீட்டைப் புகையில் உலர்த்தும் புகைப்புரையில் தொங்கிய ஷீட்டை இவன் இறக்கினான். எந்த நாள், எவ்வளவு பாக்கி என்பதை உத்தரத்தில் கரியால் கோடு போட்டு வைத்திருந்தான். கோடுகளை எண்ணினேன். தோட்டக்காரரிடமும் போனேன். கணக்கை அவர் மறுக்கவில்லை, முகம்தான் சுருங்கியது. இதையெல்லாம் எழுதினேன். சிறைக்கு அனுப்பாமல், ஓர் ஆண்டு ஒழுங்காக இருப்பேன் என்ற பிணைமுறியில் (எழுத்து உறுதியில்) விட்டார்கள்.

செய்தது திருட்டுத்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் கூலிக் கோபத்தில் எடுத்தவனும் அதையே தொழிலாகச் செய்கிறவனும் ஒன்றல்ல. அந்த வித்தியாசம் வழக்குக் கட்டில் இருப்பதில்லை.

இனி சட்டம். தண்டனை பற்றிய விசாரணை வெறும் வாய்வாதம் அல்ல, ஆவணங்களையும் தரவுகளையும் தரலாம் என்று உச்ச நீதிமன்றம் 1976லேயே சாந்தா சிங் வழக்கில் சொல்லிவிட்டது. தூக்குத் தண்டனை வரக்கூடிய வழக்குகளில் நன்னடத்தை அலுவலர் அறிக்கை, சிறை நடத்தை, மனநல மதிப்பீடு எல்லாம் வேண்டும் என்று 2022இல் மனோஜ் வழக்கில் வலியுறுத்தியது. சிறு வழக்குகளுக்கு, சிறைக்குப் பதில் பிணைமுறியில் விட இடம் தரும் 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது. உங்கள் கட்சிக்காரருக்கு இருபத்தொன்று நிறையவில்லை என்றால், ஆயுள் தண்டனைக்குரிய குற்றமாக இல்லாதவரை, 6ஆம் பிரிவைப் பிடித்துக்கொள்ளுங்கள். சிறைக்கு அனுப்புவதென்றால் நீதிமன்றம் காரணம் எழுத வேண்டும், அதற்கு முன் எங்கள் அறிக்கையைக் கேட்க வேண்டும். 12ஆம் பிரிவை வக்கீல்களே மறந்துவிடுகிறார்கள்: இச்சட்டப்படி விடுவிக்கப்பட்டவருக்கு, தண்டனைத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது.

பயிற்சி வேண்டுமானால் ஒரு மாதம் எந்த நன்னடத்தை அலுவலருடனாவது வீடு வீடாகப் போய்வாருங்கள். அறிக்கை ரகசியம், அதைக் காட்டமாட்டார். கூட நடப்பதற்குத் தடை சொல்லமாட்டார் என்று நினைக்கிறேன்.

கேள்வி: என் கடையில் திருடியவனைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். இழந்த எனக்கு என்ன கிடைத்தது? – குளச்சல் வாசகர்

பதில்: நியாயமான கோபம். அப்படி விடும்போதே உங்களுக்கு இழப்பீடு தரச் சொல்ல அதே சட்டத்தின் 5ஆம் பிரிவில் இடமுண்டு. யாரும் கேட்பதில்லை, அரசு வக்கீல் உட்பட. அடுத்த தடவை (வராமலிருக்கட்டும்) கேட்கச் சொல்லுங்கள்.

என் அறிக்கையில் வெளியே வந்து ஆறே மாதத்தில் மறுபடி திருடியவனும் உண்டு. பழைய நகலை எடுத்துப் பார்த்தேன். அவன் வீட்டுக்கு நான் போகவே இல்லை. அண்ணனை ஆபீசுக்கு வரவழைத்து எழுதியிருந்தேன்.

கேள்வி: திருவிதாங்கூர் காலத்தில் நம் பகுதியில் தூக்குத் தண்டனையே இல்லை என்று தாத்தா சொல்வார். உண்மையா? – பத்மநாபபுரம் மாணவி

பதில்: கடைசி சில ஆண்டுகளுக்கு உண்மை. 1944இல் திருவிதாங்கூர் அதை ஒழித்தது. இந்தியாவோடு இணைந்த பிறகு இந்தியச் சட்டத்தோடு அது திரும்பி வந்தது. தாத்தா இருக்கிறாரா? இருந்தால், அந்தக் காலத்துக் கோர்ட்டைப் பற்றி அவர் சொல்வதை எழுதி அனுப்பு. அடுத்த இதழில் நான் கேள்வி கேட்கிறேன், அவர் பதில் சொல்லட்டும்.