அன்றாட மனமே ஞானம் என்றால் தியானம் எதற்கு?

"சாதாரண மனமே வழி என்று ஜென் சொல்கிறது. அப்படியானால் எதற்கு உட்கார்ந்து தியானம் செய்ய வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏழெட்டு வருடம் என்னையும் விடாமல் பிடித்திருந்த கேள்வி இது.

அதைச் சொன்னவர் மாட்சு தாவோயீ (709–788) என்ற சீனத் துறவி. இளம் வயதில் நான்யுவே மலையில் அவரும் ஓயாமல் தியானத்தில் உட்கார்ந்தவர்தான். ஒருநாள் குரு ஹுவாய்ராங் அவர் எதிரே வந்து கூரை ஓடு ஒன்றைக் கல்லில் தேய்க்க ஆரம்பித்தாராம்.

"என்ன செய்கிறீர்கள்?"

"கண்ணாடி செய்கிறேன்."

"ஓடு தேய்த்தால் கண்ணாடி ஆகுமா?"

"உட்கார்ந்தால் மட்டும் புத்தர் ஆகிவிடலாமா?"

அப்புறம் குரு கேட்டதுதான் எனக்கு இன்னும் பிடிக்கும்: "வண்டி நகரவில்லை என்றால் வண்டியை அடிப்பாயா, மாட்டையா?"

நான் வண்டியை அடித்துக்கொண்டிருந்தேன். விடியற்காலை நாலரைக்கு உட்காருவேன். மனம் அடங்கினால் நல்ல நாள். அடுப்படியில் பாத்திரம் உருண்டால் எரிச்சல். அம்மா படுக்கையில் விழுந்த வருடம் உட்கார நேரமே கிடைக்கவில்லை. ஒரு காலை, கஞ்சியை ஆற்றி ஊட்டிக்கொண்டிருந்தேன். அம்மா வாயைத் திறப்பார், நான் ஊட்டுவேன், வாயோரம் துடைப்பேன். அரைக் கிண்ணம் போன பிறகுதான் தெரிந்தது, அதுவரை நான் எதையும் தேடவில்லை என்று. "இதுதானா!" என்று பிடிக்கப் போனேன், போய்விட்டது. "அதை நோக்கிப் போக நினைத்தாலே விலகிவிடுவாய்" என்று மாட்சுவின் சீடர் நான்சுவான் சொன்னது அன்றைக்குத்தான் புரிந்தது.

அதற்காக, வருகிற கோபமும் ஆசையும் அப்படியே ஞானம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சோங்மி (780–841) என்ற துறவி மாட்சுவின் மரபைக் கண்டித்ததே இந்த ஆபத்துக்காகத்தான். அந்தப் பயம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் மாட்சு தெளிவாகவே சொல்லியிருக்கிறார்: பாசாங்கு இல்லாத, எடுப்பதும் தள்ளுவதும் இல்லாத, பாமரன் புனிதன் என்று பிரிக்காத மனம்தான் சாதாரண மனம். நமக்கோ பொழுது விடிந்தால் எடுப்பதும் தள்ளுவதும்தான் வேலை. அதைக் கண்ணெதிரே பார்ப்பதற்காக உட்கார வேண்டியிருக்கிறது.

இப்போதும் தினமும் இருபது நிமிடம் உட்காருகிறேன். நடுவில் குக்கர் விசில் அடித்தால் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன்.