ஐந்து தரம் தப்பினேன், வண்டியை விற்றுவிடவா?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வீடு, நுவரெலியாவில் வேலை. 14 வருடமாக மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறேன். 2011இல் வாங்கிய 125 சீசீ வண்டி, முன்னும் பின்னும் டிரம் பிரேக். ஒரு நாளும் ஆஸ்பத்திரிப் படி ஏறியதில்லை. ஆனால் இந்த இரண்டு வருடத்தில் ஐந்து தரம் மயிரிழையில் தப்பினேன். மனைவியையும் ஒரு மூட்டை மரக்கறியையும் ஏற்றிக்கொண்டு றம்பொடை இறங்கும்போது பிரேக் மிதிக்க மிதிக்க உள்ளே போனது, வண்டி நிற்கவில்லை. ஓரத்து மண் மேட்டில் ஏற்றி நிறுத்தினேன். வட்டவளையில் ஒரே முடக்கில் இரண்டு தரம் பின் டயர் இழுத்தது, இரண்டு தரமும் தூறல்தான். ராதெல்லை குறுக்குப் பாதையில் ஒரு பஸ் என் பக்கத்துக்கே வந்துவிட்டது. போன மாதம் வீட்டுக்கு ஏறும் தோட்டத்து ரோட்டில், கொண்டை ஊசி முடக்கில் மெதுவாகத் திருப்பும்போது வண்டி தானாகவே முன்னால் பாய்ந்தது. பெற்றோல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிடுவேன், மற்றபடி வேகமாக ஓட்டுகிறவன் இல்லை. "கெரகம் சரியில்ல, வண்டிய வித்துருங்க" என்கிறார் மனைவி. இப்போதைக்கு ஹேண்டிலில் கோயில் நூலும் எலுமிச்சம்பழமும் கட்டியிருக்கிறார். விற்றுவிடவா?

பதில்: விற்க வேண்டாம். ஆனால் கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, வண்டி தானாகப் பாய்ந்தது, அதைப் பார்க்காமல் நாளைக் காலை வேலைக்குப் போகாதீர்கள். ஐந்திலும் அவசரமானது அதுதான். அடுத்த கொண்டை ஊசியில் திரும்பவும் வரும்.

வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, எஞ்சினை ஐந்து நிமிடம் சூடாக்கி, எக்சலேட்டரைத் தொடாமல் சும்மா ஓடவிடுங்கள். ஹேண்டிலை மெதுவாக இடது கோடி வரை திருப்புங்கள், பிறகு வலது கோடி. எந்தப் பக்கமாவது எஞ்சின் சத்தம் ஏறுகிறதா? ஏறினால் எக்சலேட்டர் கேபிள் இழுபடுகிறது. நேர் ரோட்டில் இந்தக் கோளாறு தெரியவே தெரியாது. ஹேண்டில் கோடிக்குப் போகும்போதுதான் வரும், ஹேண்டில் கோடிக்குப் போவது கொண்டை ஊசியில்தான். அண்மையில் கேபிள் மாற்றினீர்களா? மாற்றியிருந்தால் ஸ்டியரிங் கழுத்தைச் சுற்றித் தவறான பக்கமாகக் கொண்டுபோயிருப்பார்கள், அல்லது வேறு மொடலின் குட்டைக் கேபிளைப் போட்டிருப்பார்கள். மாற்றவில்லை என்றால் கோயில் நூலைப் பாருங்கள். எலுமிச்சம்பழத்தோடு நமக்கு வழக்கில்லை, ஆனால் நூல் கேபிளையும் சேர்த்து இறுக்கியிருந்தால் வேலையை அது கெடுக்கும். பழத்தைக் கண்ணாடிக் கம்பியில் கட்டச் சொல்லுங்கள். பிறகு கேபிளில் இருக்கும் அட்ஜஸ்டரில், கைப்பிடி 2 முதல் 6 மில்லிமீற்றர் வரை சும்மா ஆடுகிற அளவுக்குத் தளர்வு கொடுத்து, கோடிக்குக் கோடி திருப்பி மறுபடி சோதியுங்கள்.

சத்தம் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் குறை வண்டியில் இல்லை, கையில்தான். வலது பக்கம் முழுக்க ஒடிக்கும்போது வலது கைப்பிடி நெஞ்சை நோக்கி வரும், முழங்கை மடங்கும், மணிக்கட்டு கீழே இறங்கும், எக்சலேட்டர் திறக்கும். தடித்த மழைக்கோட் போட்ட நாளில் இது இன்னும் இலகுவாக நடக்கும். அந்த மாதிரி முடக்கில் கிளட்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை லேசாக மிதித்தபடியே திருப்புங்கள். வண்டி பாய நினைத்தாலும் பிரேக் விடாது.

இனி றம்பொடை. இதற்கு நீங்களே பதில் எழுதியிருக்கிறீர்கள்: "எஞ்சினை நிறுத்திவிடுவேன்." இது மலைநாட்டில் பழைய பழக்கம்தான். 2022இல் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று கியூஆர் கோட்டில் அளந்து கொடுத்த காலத்தில் இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தியவர்களைக் குறை சொல்ல முடியாது. இப்போது அதற்கு ஒரு நியாயமும் இல்லை. அரை மணி நேர இறக்கத்தில் மிச்சமாவது ஒரு டீ கிளாஸ் பெற்றோல்கூட இருக்காது.

கணக்கைப் பாருங்கள். லபுக்கலைக்கு மேலிருந்து றம்பொடைக்கு வரும்போது உத்தேசமாக 900 மீற்றர் கீழே இறங்குகிறீர்கள். வண்டி, இரண்டு பேர், மூட்டை எல்லாம் சேர்த்து 280 கிலோ என்று வையுங்கள். அந்த எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவரும் சக்தி ஏழு லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். எஞ்சின் கியரில் இருந்தால் பெரும்பங்கை அது தின்றுவிடும். எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் வந்தால் காற்று தின்றது போக மீதி முழுவதும் சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னதான இரண்டு டிரம்முக்குள் போகிறது. சூடான டிரம் விரிந்து, உள்ளே அதை உரசி நிறுத்தும் ஷூவை விட்டு விலகும், அதனால்தான் மிதி உள்ளே போனது. ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங்கும் சூட்டில் பிடிப்பை இழக்கும், அதனால்தான் மிதித்தும் நிற்கவில்லை. பிரேக் "அறுந்து" போகவில்லை, வெந்து போனது. இன்னொன்று: பழைய வண்டிகள் பலவற்றில் எஞ்சின் நின்றால் ஹெட் லைட்டும் அணைந்துவிடும். லபுக்கலை மூடுபனியில் லைட் இல்லாமல், சத்தமும் இல்லாமல் வருகிற வண்டியை எதிரே வருகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

அந்த இடத்தில் ஏறும்போது எந்தக் கியர் கேட்குமோ, இறங்கும்போதும் அதே கியர். றம்பொடையில் ஆள் ஏற்றி வந்தால் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று. முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் சேர்த்தே பிடியுங்கள். விடாமல் லேசாக உரசிக்கொண்டே வருவதைவிட, அழுத்திப் பிடித்து வேகத்தை இறக்கி, முழுவதும் விட்டு, சற்று ஆறவைத்து, மறுபடி பிடிப்பது நல்லது. கருகின வாடை வந்தால் அல்லது மிதி வழக்கத்தைவிட ஆழம் போனால் அதுதான் முதல் மணி. உடனே ஒதுக்கி 20 நிமிடம் நிறுத்துங்கள். பீலித் தண்ணீரைப் பிடித்து டிரம்மில் ஊற்ற வேண்டாம், சூட்டில் வெடிப்பு விடும். பிரேக் கைவிட்டேவிட்டால் கியரை ஒவ்வொன்றாக இறக்குங்கள்; நான்கிலிருந்து ஒன்றுக்குப் பாய்ந்தால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பிறகு, நீங்கள் செய்ததுபோல, மண் மேடு. மலைப் பக்கம் காணில் விழுந்தாலும் பரவாயில்லை, பள்ளத்துப் பக்கம் மட்டும் போகக் கூடாது.

அன்று வெந்த ஷூவை இன்னும் மாற்றாமல் ஓட்டுகிறீர்கள் என்றே நினைக்கிறேன், கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. கராஜில் இரண்டு சக்கரத்தையும் கழற்றச் சொல்லி, பக்கத்திலேயே நில்லுங்கள். லைனிங் கண்ணாடிபோல மினுங்கினால் முரட்டு உப்புத்தாளால் மினுக்கம் போகத் தேய்க்கலாம். 2 மில்லிமீற்றருக்குக் குறைந்திருந்தால் சோடியாக மாற்ற வேண்டும். உள்ளே எண்ணெய் கசிந்திருந்தால் தேய்த்துப் பயனில்லை, புதிய ஷூதான். டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதவோ காற்றடித்துக் கிளப்பவோ விடாதீர்கள், ஈரத் துணியால் துடைக்கட்டும்.

ஒரு தில்லுமுல்லையும் கவனியுங்கள். பிரேக் ராட் வந்து சேரும் சின்ன லீவர் இருக்கிறதல்லவா, ஷூ தேயத் தேய அது முன்னால் சாயும். முழுக்க மிதித்த நிலையில் ராட்டுக்கும் லீவருக்கும் இடையில் செங்கோணத்தைத் தாண்டினால் ஷூ முடிந்தது என்று பொருள். சில இடங்களில் ஷூ மாற்றாமல், லீவரைக் கழற்றி ஒரு பல் தள்ளிப் போட்டு, "பிரேக் ஏத்தியாச்சு" என்று கொடுப்பார்கள். இரண்டு நாள் நன்றாகப் பிடிக்கும். பிறகு ஒரு நாள் உள்ளே ஷூவை விரிக்கும் கேம் அளவு மீறிப் புரண்டு, ஷூ திரும்பி வராமல், சக்கரம் இறுகிவிடும். அது வட்டவளை முடக்கில் நடந்தால் என்னாகும் என்று யோசியுங்கள். பின் சக்கரத்தைப் பூட்டும்போது டிரம் பிளேட்டைப் பிடித்திருக்கும் கம்பியின் நட்டும், அது கழன்றுவிடாமல் பிடிக்கும் ஸ்பிளிட் பின்னும் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பங்சர் போட்ட அவசரத்தில் அந்த ஸ்பிளிட் பின்னைப் போட மறந்துவிடுவார்கள். கடைசியில் மிதிக்கு 20 முதல் 30 மில்லிமீற்றர் வரை சும்மா இறங்கும் தளர்வு இருக்க வேண்டும்.

வட்டவளையில் ஒரே இடத்தில் இரண்டு தரம் சறுக்கியது கிரகம் இல்லை, தரையும் டயரும். கொட்டும் மழையைவிடத் தூறல் மோசம்: கொட்டுகிற மழை எண்ணெயைக் கழுவிக்கொண்டு போய்விடும், தூறல் அதைக் கிளப்பிக் குழம்பாக்கிவிட்டு நிற்கும். வெயிலுக்குப் பிறகு வரும் முதல் அரை மணி நேரத் தூறலில் கொஞ்சம் நின்று டீ குடித்துவிட்டுப் போவது சோம்பேறித்தனம் இல்லை. வாய் வரை டீசல் அடித்த பஸ்ஸும் லொறியும் பெற்றோல் செட்டைத் தாண்டிய முதல் சில முடக்குகளில் சிந்திக்கொண்டே போகும். அந்த முடக்கு அப்படியான இடத்தில் இருக்கிறதா? மரநிழலில் வெயில் படாமல் பாசி பிடித்திருக்கிறதா? மேலே தோட்டத்து ரோடு வந்து சேர்ந்து, கொழுந்து லொறியின் டயர் மண் இறங்குகிறதா? மழையில்லாத பகலில், முடக்குக்குத் தள்ளி வண்டியை நிறுத்திவிட்டு, ஓரமாக நடந்துபோய்ச் செருப்பால் தேய்த்துப் பாருங்கள். வானவில் நிறம் மினுங்கினால் டீசல், வழுக்கினால் பாசி.

டயரைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டு 23ஆவது வாரம் செய்தது. புது வண்டி இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று 2025இல்தான் திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழைய வண்டியையே எல்லாரும் இழுத்தார்கள், டயரையும் சேர்த்து. "பட்டன் இன்னும் இருக்கே" என்பது பேச்சில்லை. ஆறேழு வருடமான ரப்பர் காய்ந்து இறுகிவிடும், நகத்தால் அழுத்தினால் பதியாது. ஈரத்தில் அது பலகைதான். காற்று, குளிர்ந்த டயரில், முன்னுக்கு 25, பின்னுக்குத் தனியாகப் போனால் 28, ஆள் ஏற்றினால் 32 பிஎஸ்ஐ என்பது இந்த அளவு வண்டிகளுக்குப் பொதுவான அளவு. உங்கள் வண்டிக்குச் செயின் கவரில் ஒட்டியிருந்தால் அதன்படி செய்யுங்கள். ஓட்டும்போது வேகத்தை முடக்குக்கு முன்பே இறக்கி முடியுங்கள். முடக்குக்குள் சாய்ந்தபடி பின் பிரேக்கை மிதிப்பதால்தான் வால் இழுக்கும். இழுத்துவிட்டால் பிரேக்கை விடுங்கள், கால் ஊன்றப் போகாதீர்கள்.

ராதெல்லை பஸ் விஷயத்தில் பிழை உங்களுடையதில்லை, ஆனாலும் உங்களால் ஆவது உண்டு. 2023 ஜனவரி 20ஆம் திகதி இரவு அந்தப் பாதையில் பஸ்ஸும் வேனும் ஆட்டோவும் மோதி ஏழு பேர் போனது உங்களுக்குத் தெரியாததில்லை. குறுகிய முடக்கில் பஸ் முழு ரோட்டையும் எடுத்துத்தான் திரும்பும், வேறு வழியும் அதற்கு இல்லை. வலது முடக்கில் சக்கரம் உங்கள் பக்கத்தில் இருந்தாலும் தலை அந்தப் பக்கம் போய்விடும்: 30 பாகை சாய்ந்தால் சக்கரம் படும் இடத்திலிருந்து தலை 70 சென்றிமீற்றர் உள்ளே நிற்கும். அதனால் நடுக்கோட்டிலிருந்து ஒரு மீற்றராவது தள்ளியே சக்கரம் போக வேண்டும். ஓரத்து மணலுக்கும் போகாமல், உங்கள் பாதியின் நடுவில். மலைப் பாதையில் ஒரு வசதியும் இருக்கிறது. இப்போது வரப்போகும் பஸ், இரண்டு முடக்குக்கு மேலேயோ கீழேயோ, தேயிலைக்கு இடையில் முன்பே தெரியும். கண்ணை முன் சக்கரத்திலேயே வைக்காமல் மலையையும் பார்த்து ஓட்டுங்கள். இரவில் மண் சுவரில் படும் வெளிச்சமே ஆளைக் காட்டிக்கொடுக்கும். முடக்குக்கு முன் ஹோர்ன் அடியுங்கள், அடித்துவிட்டுக் காதையும் கொடுங்கள்.

வேகமாக ஓட்டுகிறவன் இல்லை என்கிறீர்கள். ஈரமான இறக்கத்தில் 40 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால், ஆபத்தைக் கண்டு பிரேக்கைப் பிடிக்கும் ஒரு செக்கனில் 11 மீற்றர், பிறகு நிற்க 19, ஆக 30 மீற்றர் வேண்டும். 30இல் வந்தால் 19 மீற்றரோடு முடியும். ஒரு வண்டி மட்டும் போகும் தோட்டத்து ரோட்டில் எதிரே வருகிறவனுக்கும் பாதித் தூரம் வேண்டும். மூடுபனியில் 20 மீற்றர்தான் தெரிகிறது என்றால் 20 கிலோமீற்றருக்கு மேல் ஓடக் கூடாது. ஹை பீம் போட்டால் பனி வெள்ளைச் சுவராகிவிடும், டிம்மிலேயே வாருங்கள்.

மண் மேட்டில் ஏறிய அன்று உங்கள் ஹெல்மெட்டோ மனைவியுடையதோ அடிபட்டிருந்தால், வெளியே கீறல்தான் என்றாலும் மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் திண்டு ஒரு தரம்தான் நசுங்கும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கத்தை மனைவியின் போனிலும் போட்டுவையுங்கள், அதற்குப் பணம் இல்லை. கராஜ் வேலை முடியும்வரை பஸ்ஸில் போங்கள். வட்டவளை முடக்கில் நடந்து பார்த்தபின் ஒரு வரி எழுதுங்கள்: டீசலா, பாசியா, லொறி மண்ணா? என் கை டீசலைத்தான் காட்டுகிறது.