வீட்டில் வாயாடி, வெளியே ஊமை

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. வீட்டில் வாய் ஓயாது. வெளியாள் யாராவது பெயர் கேட்டால் என் துப்பட்டாவுக்குள் ஒளிந்துகொள்கிறாள். இடைவேளையில் மற்ற பிள்ளைகள் விளையாடுவதைத் தள்ளி நின்றே பார்க்கிறாளாம், மிஸ் சொல்கிறார். 'வளர்ந்தா சரியாயிடும்' என்கிறார் மாமியார். விட்டுவிடலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: மாமியார் சொல்வது பாதி சரி. கூச்சம் ஓரளவு பிறவிச் சுபாவம். ஹார்வர்ட் உளவியலாளர் ஜெரோம் ககன் இதன் சாயலை 4 மாதக் கைக்குழந்தைகளிடமே கண்டார். புதிய சத்தமோ பொம்மையோ வந்தால் கை காலை உதறி அழுத குழந்தைகளில் பலர், பின்னாளில் புது ஆட்களைக் கண்டு ஒதுங்கினார்கள். எல்லோரும் அல்ல. ஆகவே உங்கள் வளர்ப்பில் குறை தேடாதீர்கள்.

ஆனால் 'தள்ளி நின்றே பார்க்கிறாள்' என்பதை விட்டுவிட முடியாது. தனியாக விளையாடி நிம்மதியாக இருக்கும் குழந்தை வேறு. இவளுக்குச் சேர ஆசை இருக்கிறது, கால்தான் நகரவில்லை. சண்டை போட்டு, காய் விட்டு, மறுநாளே பழம் விடப் பழகும் இடம் அந்த இடைவேளைதானே? போதாக்குறைக்கு, பேசாத பிள்ளையைத் திமிர் பிடித்தவள் என்று மற்ற குழந்தைகள் நினைத்துவிடுவதும் உண்டு.

'பேர் என்ன பாப்பா?' என்று கேட்டால் யார் பதில் சொல்கிறீர்கள்? அநேகமாக நீங்கள்தான். கூடவே 'இவ ரொம்பக் கூச்சப்படுவா' என்று அவள் காதுபடவே ஒரு சான்றிதழ். அவள் பதற்றம் அப்போதைக்கு அடங்கும்; அடுத்த முறையும் அம்மா பார்த்துக்கொள்வாள் என்று பழகிவிடும். இனி மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். அப்படியும் பேசவில்லையா, சரி, திட்டாமல் விட்டுவிடுங்கள்.

பிறந்தநாள் விழாவுக்குக் கூட்டம் சேரும் முன்பே போய்விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு தோழியை வீட்டுக்குக் கூப்பிட்டு, நடுவில் ஒரு லூடோ அட்டையை வையுங்கள்; கை ஓடினால் வாயும் ஓடும். தெருமுனைக் கடையில் காசை அவளிடமே கொடுத்து, கடலை மிட்டாயை அவளே கேட்கட்டும். விருந்தாளி முன் 'மாமாவுக்கு ரைம்ஸ் சொல்லிக் காட்டு' மட்டும் வேண்டவே வேண்டாம். (மாமாவுக்கும் அதில் பெரிய ஆர்வம் இருந்து நான் பார்த்ததில்லை.)

அப்புறம், மிஸ்ஸிடம் ஒன்று கேளுங்கள்: பாத்ரூம் போக வேண்டும் என்றாவது வாய் திறந்து சொல்கிறாளா? பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தைக் கழித்துவிட்டு, அதன்பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் அங்கே ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்றால், அது வெறும் கூச்சமாக இருக்காது, பிடிவாதமும் இல்லை. செலக்டிவ் மியூட்டிசம் என்ற பதற்றக் கோளாறாக இருக்கலாம். அப்படியென்றால் 'வளரட்டும்' என்று காத்திருக்காமல், குழந்தைகள் மனநல நிபுணரிடம் இப்போதே அழைத்துப் போங்கள்.