தேநீரின் முதல் துளி

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்தில் வசிக்கிறேன். ஞாயிறு காலை கோயிலுக்குப் போய் வந்ததும் என் தகப்பனார் ஆங்கிலப் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் புதிரோடு உட்கார்ந்துவிடுவார். அவர் மறைந்த பிறகு அந்தப் பழக்கம் என்னிடம் வந்திருக்கிறது. இத்தகைய சூட்சுமமான புதிர் தமிழுக்கு ஒத்துவராது என்பார் அப்பா. வகுப்புக்குப் போய்த் தமிழ் கற்ற எனக்கு அது சரியா என்று தெரியவில்லை. வீட்டில் இதை வீண்பொழுது என்கிறார்கள். தங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகி

அன்புச் சகோதரிக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமைக்கும் இந்தப் புதிருக்கும் பிறவித் தொடர்பு உண்டு. ஆர்தர் வின் அமைத்த முதல் புதிர் 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்ட்' பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில்தான் வந்தது. அதில் இருந்தவை பெரும்பாலும் நேரான குறிப்புகள். வாசகரை வேறு திசைக்கு இழுத்துப் போகும் குறிப்புகள் பின்னர் இங்கிலாந்தில் வளர்ந்தன; 1926 முதல் 'அப்சர்வர்' ஞாயிறு இதழில் டார்க்கிமாடா என்ற புனைபெயரில் எட்வர்ட் போவிஸ் மேதர்ஸ் அவற்றை ஒரு கலையாகவே ஆக்கினார்.

தமிழுக்கு ஒத்துவராது என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. நான் அமைத்த ஒரு குறிப்பைப் பாருங்கள்; அடைப்புக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை: 'தேநீரின் முதல் துளியோடு ஏழு நாளும் மூவர் பாடியது (4).' படித்ததும் ஆவி பறக்கும் கோப்பையும் அதைச் சுற்றி அமர்ந்த மூன்று பாடகர்களும் மனத்தில் வந்துவிடுகிறார்கள். அந்தக் காட்சியை உதறினால்தான் வழி திறக்கும். தேநீரின் முதல் எழுத்து 'தே', ஏழு நாள் 'வாரம்', அப்பரும் சம்பந்தரும் சுந்தரரும் பாடியது 'தேவாரம்'. கோயிலில் எத்தனையோ முறை பாடிக் கேட்ட சொல்லுக்குள் ஒரு வாரம் ஒளிந்திருந்தது அதுவரை கண்ணில் பட்டிருக்காது. பொருள் ஒரு பக்கமும் எழுத்து மறுபக்கமுமாக வந்து ஒரே சொல்லில் கூடிவிடுவதால், விடை சரிதானா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்த நிச்சயத்தில் கிடைக்கும் மகிழ்ச்சிக்காகவே ஞாயிறு முழுவதையும் கொடுக்கலாம் என்பேன்.

இது நமக்குப் புதிதும் அன்று. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல் 'வினா உத்தரம்' என்றொரு மிறைக்கவியை, அதாவது சொல்விளையாட்டுச் செய்யுளை, காட்டுகிறது. பூமகள் யார், போகிறவனிடம் ஏவுபவன் என்ன சொல்வான், சரத்துக்குப் பெயர் என்ன, அழகுக்குப் பெயர் என்ன என்று வரிசையாகக் கேட்டு, திரு, ஏகு, அம்பு, அம் ஆகிய விடைகளைக் கோத்து, பிறைசூடிய பெருமான் உறையும் 'திருவேகம்பம்' என்று முடிக்கிறது. எழுத்தைக் குறைத்துக்கொண்டே போகும் அக்கரச்சுதகமும், கூட்டிக்கொண்டே போகும் எழுத்து வருத்தனமும் அதே நூலில் உண்டு. ஆங்கிலத்தில் இருபத்தாறு எழுத்துகளைக் கலைத்து அடுக்குவது எளிது. மெய்யெழுத்தில் சொல் தொடங்காத தமிழில் அது அவ்வளவு எளிதன்று. மாறாக, சொல்லைப் பிரிப்பதிலும் சேர்ப்பதிலும் தமிழுக்குள்ள வளம் ஆங்கிலத்துக்குக் கிடையாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

வீண்பொழுது என்பவர்களோடு வாதாட வேண்டாம். குறிப்பை உரக்க வாசித்துக் காட்டுங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் என் சின்னம்மாவுக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. தேநீர்க் குறிப்பை நான் வாசித்தபோது கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், தலை நிமிராமலே விடையைச் சொன்னார். விடுகதை கேட்டு வளர்ந்த காதுக்குக் கட்டம் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அவருக்காக ஒரு குறிப்பை எடுத்துவைத்துக்கொண்டுதான் போகிறேன்.

வேற்றுமை உருபு ஒட்டியதும் வேறு பொருளாகிவிடும் சொற்களும் நம்மிடம் உண்டு. அப்படி ஒன்றை வைத்து உங்களுக்காக அமைத்தது இது: 'டர்பன் கரையில் நின்றால் எதைப் பார்க்கலாம்? கொறிக்கலாம் (3).' விடையை எழுதுங்கள்.