மேலே சுடும் மணல், கீழே ஜில்லென்ற ஊற்று

கேள்வி: கத்திரி வெயிலில் பாலாற்று மணலில் கால் வைக்க முடியவில்லை. அங்கேயே ஊற்றுத் தோண்டினால் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறதே, எப்படி? மணலுக்கு அடியிலிருந்து சூடேற்றினால் என்ன ஆகும்?
— வாசகி, பள்ளிகொண்டா

பதில்: சூடான தண்ணீர் லேசானது, மேலே போகத்தான் பார்க்கும். வெயில் மேலிருந்தே அடிப்பதால் சூடு ஏற்கெனவே மேலேதான் இருக்கிறது, ஊற்று நீர் சுழலக் காரணமே இல்லை. காய்ந்த மணலும் சூட்டை எளிதில் கீழே விடாது.

அம்மா, உங்கள் இரண்டாவது கேள்விக்குத்தான் நான் வேலூரில் பாடம் நடத்திய நாளெல்லாம் ஏங்கினேன். அடியில் சூடேறினால் வெறும் தண்ணீர் உடனே சுழலும். மணலுக்குள் ஒவ்வொரு இடுக்கும் அதை இழுத்துப் பிடிக்கிறது. பிரான்சின் திஜோன் நகரில் பொறியாளர் ஹென்றி டார்சி அந்தத் தடையை அளந்து 1856-இல் வெளியிட்டார். 1945-இல் ஹார்ட்டன், ரோஜர்ஸ் இருவரும், 1948-இல் லாப்வுட்டும் கணக்குப் போட்டார்கள்: மேலே தூக்கும் விசை ஒரு பக்கம், மணலின் தடையும் சூடு பரவிக் கலைவதும் மறுபக்கம். இவற்றின் விகிதம் சுமார் 39.5-ஐத் தாண்டினால்தான் சுழற்சி.

ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் சலித்த மணல், இன்னொன்றில் பட்டாணி அளவு கூழாங்கல் நிரப்பித் தண்ணீர் ஊற்றுங்கள். சிரிஞ்சால் அடியில் சொட்டு நீலம் விட்டு, இரண்டையும் வெந்நீர்த் தட்டில் வையுங்கள். கூழாங்கல்லில் நீலம் கண்ணாடியோரம் விரல் விரலாக ஏறும். மணலில் பெரும்பாலும் விட்ட இடத்திலேயே கிடக்கும். மணியின் விட்டம் பாதியானால் தண்ணீர் புகும் வசதி கால்வாசியாகிவிடும், அதுதான் காரணம்.

மணலுக்குள் தண்ணீருக்குப் பதில் கஞ்சி என்றால் கதையே வேறு. குடியாத்தத்தில் தறியின் பாவு நூலுக்குப் போடுகிறார்களே, அந்தக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி ஆறவிடுங்கள். சட்டியைச் சற்றுச் சாய்த்தால் அசையாது. கரண்டியால் தள்ளினால் இளகி ஓடும். இத்தகைய திரவத்துக்கு ஓர் அளவுக்குக் குறைந்த தள்ளு தள்ளே அல்ல. சூடு தரும் மேலே தூக்கும் விசையோ மிக மெலிது. இடுக்கு குறுகக் குறுக இன்னும் பெரிய தள்ளு வேண்டும். ஆகவே 39.5 இங்கே உதவாது. சின்னச் சலனங்கள் எல்லாம் அடங்கிவிடும். பெரிதாக ஒன்று கலைத்துவிட்டால்தான் ஓட்டம் பிறக்கும். போதிய சூடு இருந்தால் அது நிலைக்கும். எண்ணெய் வயல்களில் பாலிமர் கலந்த நீரைப் பாறைக்குள் செலுத்துகிறவர்களுக்கும் இது போன்ற கணக்குகள் தேவைப்படுகின்றன.

கெட்டிக் கஞ்சி அடிபிடிப்பதும் இதனால்தான். தானாகச் சுழலாது, நீங்கள்தான் விடாமல் துழாவ வேண்டும்.